யாருடைய தராசு?

அந்தக் கிராமத்துக்கு நான் முதன்முதலாகப் போனது 2016 ஆம் ஆண்டு, பங்குனி மாதம். படுவான்கரைப் பக்கம், வாவியோரமாக உள்ள சிறிய ஊர். விடிந்தும் விடியாத நேரம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டுக் கரையேறிய ஏழெட்டுப் பெண்கள் நனைந்த உடுப்போடு ஒரு மரத்தடியில் நின்றார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு பறி. அவர்களிடம் தோணியோ வலையோ இல்லை. சேற்றைக் காலால் உணர்ந்து, குனிந்து, இரண்டு கைகளாலும் தடவித்தான் இறால் பிடிப்பார்கள். முள்ளுக் குத்தி வெடித்த விரல்களுக்கு இரவில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு படுப்பார்கள்.

மோட்டார் சைக்கிளில் வந்த வியாபாரி மரக்கிளையில் தராசைக் கொழுவினார். ஒவ்வொருவராக நிறுத்தார். கொப்பியில் எழுதினார். இறால் றெஜிபோம் பெட்டிக்குள் போனது. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பத்து நிமிடத்திலும் ஒரு பெண்கூட "இண்டைக்கு என்ன விலை?" என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் போனபின் பக்கத்தில் நின்ற அக்காவிடம் கேட்டேன்.

"விலை கேட்கிறல்லயா அக்கா?"

"கேட்டு என்ன மனே செய்ற? காசு போன மாசமே வாங்கித் திண்டாச்சு."

அந்த அக்காவின் கணவர் 1990 இல் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். திரும்பி வரவில்லை. மூன்று பிள்ளைகளையும் அந்த இறாலில்தான் வளர்த்தார். இருபத்தைந்து வருடங்களாக இறால் விற்ற ஒருவருக்குத் தான் விற்கும் பொருளின் விலை தெரியாது என்றால் அதை எப்படி விளங்கிக்கொள்வது?

எமது வாவியைப் பற்றி இங்கு கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குத் தெற்கு வடக்காகக் கிடக்கும் இந்த நீர்ப்பரப்புக் கடலோடு சேர்வது இரண்டே இடங்களில்தான். பாலமீன்மடுப் பக்கம் ஒன்று, பெரியகல்லாற்றில் மற்றது. மாரி வெள்ளத்தில் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று வயல்காரருக்கும் மீன்பிடிப்பவர்களுக்கும் இடையில் வாக்குவாதம் வராத வருடமே இல்லை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. பட்டினமும் சந்தையும் ஆஸ்பத்திரியும் எழுவான்கரையில். யுத்த காலத்தில் இந்த இரண்டு சொற்களுக்கும் வேறு பொருள் வந்து சேர்ந்தது. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது, எழுவான்கரை இராணுவத்தின் கட்டுப்பாட்டில். நடுவில் வாவி. இன்ன நேரத்துக்குப் பின் தண்ணீரில் இறங்கக்கூடாது, பாஸ் இல்லாமல் துறையடியைக் கடக்கக்கூடாது என்றெல்லாம் சட்டம். இறால் என்றால் காத்திருக்காது. இரண்டு மணித்தியாலம் சோதனைச் சாவடியில் நின்றால் தலை கறுத்துவிடும், பிறகு யாரும் வாங்கமாட்டார்கள். ஆகவே யாரிடம் பாஸும் வாகனமும் ஐஸும் இருந்தனவோ அவர்களே சந்தையானார்கள். பாதைப் படகு ஓடிய மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கப்பட்டது. பாலம் வந்தது, சாவடிகள் போயின. கொப்பி மட்டும் போகவில்லை.

இறால் என்றதும் அந்தப் பக்கத்து மூத்த பெண்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். 1987 ஜனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டது. "இறால் எங்களுக்குச் சோறும் போட்ட, சாவும் தந்த" என்று ஒரு மாமி ஒருநாள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். நான் எழுதிக்கொண்டிருந்த கூட்டக் குறிப்பில் அதை எந்தத் தலைப்பின் கீழ் போடுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

நான் சமூகவியல் படித்தவள். பல்கலைக்கழகத்தில் இடைத்தரகர் சுரண்டல் பற்றிப் பதினைந்து பக்கத்தில் கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கியவள். அந்த மரத்தடியில் நான் பார்த்தது அந்தப் பதினைந்து பக்கத்தின் படமாகவே எனக்குத் தெரிந்தது. வில்லன் மோட்டார் சைக்கிளில் வந்தார், அவ்வளவுதான். ஒரு கிலோ சீனிப் பைக்கற் ஒன்றைக் கொண்டுபோய், அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் தராசில் வைத்துப் பார்த்தோம். 900 கிராம் காட்டியது. மூன்று கிலோ கொண்டுவரும் பெண்ணுக்கு 300 கிராம் போகிறது. அப்போது கலப்பு இறாலுக்கு அவர் கொடுத்த விலை கிலோ 700 ரூபா. அப்படியென்றால் ஒரு நாளைக்கு 210 ரூபா. மாதத்தில் இருபது நாள் தண்ணீரில் இறங்கினால் 4,200 ரூபா. கணக்கை நான் கரித்துண்டால் சுவரில் எழுதிக் காட்டியபோது பெண்கள் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபம் அவர்களுக்கு வரவில்லை. அதற்கான காரணத்தை அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

2018 இல் பதினான்கு பேரைச் சேர்த்து ஒரு குழு அமைத்தோம். நிறுவனத்தின் உதவியில் நான்கு ஐஸ் பெட்டிகள் கிடைத்தன. பட்டினத்தில் ஓர் உணவகத்தோடு பேசினேன். பெரிய இறாலுக்குக் கிலோ 950 ரூபா தருவதாகச் சொன்னார்கள். ஓட்டோ ஒன்றை நாள் வாடகைக்குப் பிடித்தோம். இறாலும் ஐஸும் சரிக்குச் சரி போட வேண்டும், ஐஸை மேலே மட்டும் தூவக் கூடாது, அடுக்கடுக்காகப் போட வேண்டும், உருகும் தண்ணீர் கீழே வடிய ஓட்டை இருக்க வேண்டும் என்று நானே படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்தேன். முதற்கிழமை கையில் வந்த காசைப் பார்த்து ஒரு தங்கச்சி அழுதுவிட்டாள். நான் அன்றைக்கே அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டேன்.

ஐந்தாவது கிழமையில் அறிக்கையை நிறுத்த வேண்டியதாயிற்று. உணவகம் பெரிய இறாலை மட்டும்தான் எடுத்தது. நடுத்தரமும் பொடியும் எங்களிடமே மிஞ்சின. வியாபாரியோ அதுவரை எல்லாவற்றையும் எடுத்தவர். பொடி, கால் உடைந்த நண்டு, வலைக்காரர் கரையில் போட்டுவிட்டுப் போகும் சில்லறை மீன், எதையும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. அடுத்தது காசு. பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் தருவோம் என்று உணவகத்தில் சொல்லிவிட்டார்கள், கணக்குப் பிரிவின் நடைமுறையாம். அன்றன்றைக்கு அரிசி வாங்கும் வீட்டில் பதினைந்து நாள் என்பது என்ன என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மழை பெய்த ஒரு நாளில் ஓட்டோ வழியில் நின்றுபோய் ஒரு பெட்டி முழுவதும் பழுதாகியது. அந்த நட்டத்தை யார் பொறுப்பது என்று குழுவுக்குள் வாய்த்தர்க்கம்.

அந்த நாட்களில்தான் அது நடந்தது. குழுவில் இருந்த ஒருத்தியின் சின்ன மகனுக்கு நடுச்சாமத்தில் காய்ச்சல் கூடி வலிப்பு வந்தது. அவள் எனக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். நான் உறக்கம். எழுந்து பார்த்தபோது ஆறு தவறிய அழைப்புகள். பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கையில் 5,000 ரூபாவும் கொடுத்துவிட்டு வந்தவர் அந்த வியாபாரி. எங்கள் குழுவினால் அவருக்கு வியாபாரம் போயிருந்த நேரம் அது. மறுநாள் அலுவலகத்தில் அவசர உதவிக்கு விண்ணப்பித்தேன். மூன்று கையொப்பம், ஒரு கிராம உத்தியோகத்தர் கடிதம், பதினொரு நாள்.

பிள்ளை சுகமாகி வந்தான். அடுத்த கிழமை அவனுடைய தாய் இறாலை மறுபடி மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் போனார்கள். பதினான்கு ஒன்பதானது.

அந்த 900 கிராம் களவுதான், இதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தப் பெண்கள் அந்த 100 கிராமுக்கு எதை வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் பார்க்கவில்லை. செத்தவீட்டுக்குக் காசு, பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்குக் காசு, நடுச்சாமத்து மோட்டார் சைக்கிள், பொடி இறாலுக்கும் ஒரு விலை. வங்கி அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. கதவைத் தட்டிக்கொண்டு வந்ததெல்லாம் கிழமைக் கடன்காரர்தான். இதை வாசிக்கும் சகோதரிகளில் பலருக்கு அந்தக் கிழமைக் கடனைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டி வந்த அளவுக்கு நிலைமை போயிருந்தது. அந்தக் கடன்காரரோடு ஒப்பிட்டால் மரத்தடி வியாபாரி வாசலில் நின்று ஏசமாட்டார் என்பதும் உண்மை.

அதன்பிறகுதான் நான் உருப்படியாக வாசிக்கத் தொடங்கினேன். கேரளக் கடற்கரையில், திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாடு என்றொரு மீனவக் கிராமம். 1970 களில் அங்குள்ள மீனவர்கள் சங்கம் ஒன்றைக் கட்டி, கரையில் மீனை ஏலம் விடும் உரிமையை வியாபாரிகளின் கையிலிருந்து தங்கள் கைக்கு எடுத்தார்கள். அதைப்போன்ற கிராமச் சங்கங்கள் பல சேர்ந்து 1980 இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. சிஃப்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழ்க் கிராமங்களும் அதில் உண்டு. அவர்கள் வியாபாரியைத் துரத்திவிட்டு நேரே பட்டினத்துக்கு ஓடவில்லை. வியாபாரி கரைக்கு வந்து ஏலத்தில் வாங்கலாம், ஏலம் விடுவது மட்டும் சங்கத்தின் ஆள். ஒவ்வொரு நாள் விற்பனையிலும் ஒரு சிறு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு, ஒரு பங்கு சங்கச் செலவுக்கு என்று அங்கேயே கழிக்கப்படும். மீன் நிறையப் பட்ட நாளில் நிறையக் கழியும், வெறுங்கையோடு வந்த நாளில் ஒன்றும் கழியாது. கிழமைதோறும் வாசலில் வந்து நிற்கும் கடனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். கடனையும் விற்பனையையும் ஒரே சங்கம் பார்த்ததால்தான் மீனவர் பழைய முதலாளியிடம் திரும்பிப் போகத் தேவைப்படவில்லை. நான் விற்பனையை மட்டும் பிடித்து இழுத்தேன். கடன் அவர் பக்கமே இருந்தது.

ஆனால் அங்கும் சங்கத்தில் அங்கத்தவர் என்றால் படகோடு தொழில் செய்பவர்தான். கூடை சுமந்து விற்கும் பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் வராது.

எங்கள் ஊரிலும் அதே கதைதான். ஊரில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் இருந்தது. வலை மானியம் வந்தாலும், வெள்ள நிவாரணம் வந்தாலும், வாவியில் மீன்குஞ்சு விட்டாலும் எல்லாம் சங்கத்தின் ஊடாகத்தான். 2019 இல் ஒன்பது பெண்களும் நானும் சங்கத் தலைவரைப் பார்க்கப் போனோம். மரியாதையாகக் கதிரை போட்டு இருத்தினார்.

"பொம்பிளையளுக்குத்தான் மாதர் சங்கம் இருக்கே. இது மீனவர் சங்கம், தங்கச்சி."

"நாங்க என்ன பிடிக்கிற அண்ணன், மாங்காயா?" என்று கேட்டார் அந்த மூத்த அக்கா. அவர் அப்படிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

தலைவர் சிரித்துவிட்டார். சிரித்தாரே தவிர விண்ணப்பப் படிவம் தரவில்லை. கணவன் அங்கத்தவராக இருந்து இறந்துபோனால் அந்த அங்கத்துவம் அப்படியே முடிந்துவிடுகிறது என்பதும், யுத்தத்தில் காணாமற்போனவரின் மனைவிக்கு அதுகூட இல்லை என்பதும் அன்றைக்குத்தான் வெளிவந்தது. காணாமற்போனவர் இன்னும் பட்டியலில் இருந்தார், அவர் பெயரில் சந்தா நிலுவையும் இருந்தது!

நாங்கள் சங்கத்தின் துணைவிதிகளைக் கேட்டோம். அதைக் கண்டுபிடிக்கவே மூன்று மாதம் போனது. கடைசியில் கூட்டுறவு அலுவலகத்தில் ஒரு பிரதி கிடைத்தது. ஊரில் வசிப்பவராகவும் மீன்பிடித் தொழில் செய்பவராகவும் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஆண் என்றோ தோணி என்றோ ஒரு சொல்லும் இல்லை. அத்தனை வருடமும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் ஊரிலும் ஒரு சங்கம் உங்களுக்கு இடமில்லை என்று சொன்னால் முதலில் துணைவிதியைக் கேட்டு வாங்கி வாசியுங்கள்.

உலக அளவில் இந்தப் பேச்சு ஏற்கெனவே நடந்திருக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் மீன்பிடிக் குழு சிறு அளவு மீன்பிடி பற்றிய வழிகாட்டு நெறிகளை 2014 இல் ஏற்றுக்கொண்டது. வலை பின்னுவதிலிருந்து கருவாடு காயவைத்து விற்பதுவரை ஆணோ பெண்ணோ யார் செய்தாலும் அது மீன்பிடித் தொழில்தான் என்பது அதன் அடிப்படை. நியாயமான சந்தை பற்றியும், ஆண் பெண் சமத்துவம் பற்றியும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. கட்டாயச் சட்டமல்ல. எந்த நாட்டையும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. இருந்தாலும் கடற்றொழில் பரிசோதகரின் மேசையில் அதை விரித்து வைத்துப் பேசியபோது அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து ஆறுதலாகக் கேட்டார். 2023 இல் நான்கு பெண்களுக்குச் சங்க அங்கத்துவம் கிடைத்தது. மற்ற ஐந்து பேரின் விண்ணப்பங்கள் "பரிசீலனையில்".

தராசு விஷயத்தை நாங்கள் அதற்கு முன்பே தீர்த்துக்கொண்டோம். வியாபாரத்துக்குப் பாவிக்கும் எந்தத் தராசும் வருடத்துக்கு ஒருமுறை அளவீட்டு அலகுகள் திணைக்களத்தில் சோதிக்கப்பட்டு முத்திரை குத்தப்பட வேண்டும் என்று 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கச்சேரியில் அந்தத் திணைக்களத்தின் பிரிவு உண்டு. வியாபாரியின் தராசைப் பற்றி முறைப்பாடு கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். பெண்கள் வேண்டாம் என்றார்கள். அவர்கள் ஒன்பது பேரும் காசு போட்டுத் தாங்களே ஒரு தராசு வாங்கி, அதற்கு முத்திரை குத்துவித்துக் கொண்டுவந்து அதே மரக்கிளையில் கொழுவினார்கள். "உங்கட தராசு கொஞ்சம் பழசாப் போச்சு தம்பி, இதில நிறுப்பம்" என்றார் மாமி. ஒரு சண்டையும் இல்லை. வியாபாரி இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார்.

தரம் பிரிப்பதையும் அவர்களே தொடங்கினார்கள். கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதை வைத்துத்தான் மேலே, கொழும்புக்கு அனுப்பும் இடத்தில் விலை. கலப்பாகக் கொடுத்தால் பெரியதும் பொடியின் விலைக்குப் போகும். இப்போது மூன்று கூடை. நிறையில் மீண்ட காசில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 ரூபா ஒரு தகரப் பெட்டிக்குள் போகும். ஒன்பது பேர், இருபது நாள், மாதம் 9,000 ரூபா. பெட்டி ஒரு வீட்டில், திறப்பு இன்னொரு வீட்டில். நடுச்சாமத்தில் கதவைத் தட்டினால் கையொப்பம் இல்லாமல் காசு கொடுக்க வேண்டும் என்பதே முதல் விதி. அந்த விதியை எழுதும்போது யாரும் என்னைப் பார்க்கவில்லை. அது எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

சோதனைகள் வந்தன. 2020 ஒக்டோபரில் கொரோனாவால் பேலியகொடை மத்திய மீன் சந்தையை மூடியபோது லொறிகள் நின்றன. வியாபாரியின் பெட்டியிலேயே இறால் பழுதாகியது. பெண்கள் இறாலை அவித்துக் காயவைத்து ஊருக்குள் பொதி பொதியாக விற்றுச் சமாளித்தார்கள். 2022 ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. எழுவான்கரையில் எஞ்சின் படகுகள் பல கரையில் கிடந்தன. கையால் தடவுபவருக்கு எண்ணெய் தேவையில்லை என்பதால் எங்கள் பெண்களின் இறாலுக்குக் கொஞ்சம் விலை கூடியது. ஆனால் கடலுக்குப் போகமுடியாத ஆண்களும் வாவிக்குள் இறங்கினார்கள், ஆளுக்குக் கிடைக்கும் அளவு குறைந்தது. அந்த வருடத்தைத்தான் உலகம் சிறு அளவு மீன்பிடிக்கான சர்வதேச ஆண்டாக அனுஷ்டித்தது. அலுவலகத்தில் பதாகை ஒன்று வந்து கிடந்தது, கட்டுவதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை.

அன்று என்னைவிட்டு முகம் திருப்பிக்கொண்டு போன அந்தத் தங்கச்சி போன வருடம் திரும்பி வந்தாள். வியாபாரியிடம் இருந்த கடனில் பாதியைப் பெட்டியிலிருந்து எடுத்து அடைத்தார்கள். மீதியை அவளே அடைக்கிறாள். அவருக்கே இறால் விற்கிறாள், பெண்களின் தராசில் நிறுத்து. அவளுடைய மகனுக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. என்னைக் கண்டால் "மிஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வருவான்.

கடந்த மாதம் போயிருந்தபோது வியாபாரி புதிதாக இலத்திரனியல் தராசு ஒன்று கொண்டுவந்திருந்தார். முத்திரை இருக்கிறது என்று தூக்கிக் காட்டினார். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு கிலோ சீனிப் பைக்கற் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.